ஏர் ரைபிளில் பீப் சைட்: பொருத்துவதும் சுடுவதும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓபன் சைட்டில் சில மாதம் சுட்டுவிட்டு பீப் சைட்டுக்கு மாறுகிறவர்கள் ரேஞ்சில் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட பேச்சிலேயே இருக்கின்றன. எல்லாமே 4.5 மில்லிமீட்டர் பெல்லட், 10 மீட்டர் தூரம், நின்ற நிலை ஆகியவற்றை மனதில் வைத்துச் சொன்னவை. குறி தவறினால் முதலில் கை சைட்டின் திருகை நோக்கித்தான் போகிறது. ஆனால் பெரும்பாலான கோளாறு கன்னம் பதிகிற இடத்திலும் தலை நிற்கிற விதத்திலும்தான் இருக்கிறது. கீழே உள்ள பல பதில்கள் அங்கேயே வந்து நிற்பதற்கு அதுதான் காரணம்.

பீப் சைட்னா என்ன? ஓபன் சைட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஓபன் சைட்டில் பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு குச்சி. குச்சியின் தலை வெட்டின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும், அதற்கு மேல் டார்கெட்டின் கறுப்பு உட்கார வேண்டும். பீப் சைட்டில் பின்னால், கண்ணுக்குப் பக்கத்தில், ஒரு தட்டும் அதன் நடுவில் சின்ன ஓட்டையும் இருக்கும். முன்னால் ஒரு குழாய், அதற்குள் ஒரு வளையம். ஓட்டைக்குள் குழாய், குழாய்க்குள் வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம் என்று எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் நின்றால் குறி சரி. மேலும் கீழும் பக்கவாட்டிலும் மிக நுண்ணிய அளவில் நகர்த்தும் திருகுகளோடு வரும் பின் சைட்டை டயாப்டர் என்பார்கள். ரேஞ்சில் இரண்டு பெயரும் புழங்குகின்றன.

இது போட்டா எந்தப் போட்டியில சுடலாம்?

நம் நாட்டு கிளப், மாநிலப் போட்டிகளில் ஓபன் சைட், பீப் சைட் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. பீப் போட்ட ரைபிளை ஓபன் பிரிவில் கொண்டு போக முடியாது. ஒலிம்பிக்கில் சுடுகிற 10 மீட்டர் ஏர் ரைபிள் பீப் சைட்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்டது இந்தப் பிரிவில். சைட், எடைத்துண்டு எல்லாம் சேர்த்து ரைபிள் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. கனமான சைட் வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும்.

அவ்வளவு சின்ன ஓட்டை வழியா பார்த்தா எப்படித் தெளிவா தெரியும்?

ஓட்டை சின்னதாக இருப்பதால்தான் தெளிவாகத் தெரிகிறது. கண்ணுக்குள் போகிற ஒளிக்கற்றை குறுகும்போது, பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே நேரத்தில் ஓரளவு கூர்மையாகத் தெரியும். கேமராவில் துளையைச் சிறிதாக்கினால் முன்னால் நிற்பவரும் பின்னால் உள்ள கோபுரமும் சேர்ந்து தெளிவாக விழுகிற மாதிரி. ஓபன் சைட்டில் வெட்டு, குச்சி, டார்கெட் மூன்றில் ஏதாவது ஒன்றுதான் கூர்மையாகத் தெரியும். பீப்பில் முன் வளையமும் கறுப்பும் ஏறக்குறைய சேர்ந்தே தெரியும்.

இன்னொரு நன்மையும் உண்டு. வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் வைப்பது கண்ணுக்கு இயல்பாகவே வருகிற வேலை. வெள்ளை ஒரு பக்கம் கொஞ்சம் தடித்தாலும் உடனே தெரிந்துவிடும்.

நான் எதைப் பார்க்கணும்? ஓட்டையையா, வளையத்தையா, டார்கெட்டையா?

முன் வளையத்தை. ஓட்டையை நடுவில் கொண்டுவந்து தலையை நிறுத்திய பிறகு அதை மறந்துவிடலாம். வளையத்தின் உள் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும், கறுப்பு லேசாக மங்கினால் பரவாயில்லை. டார்கெட்டில் கண்ணை ஊன்றினால் வளையம் நழுவியது தெரியாமலே விசை அமுங்கிவிடும். ஓபன் சைட்டில் இருந்து வருகிறவர்களுக்கு இதுதான் கடினமாக இருக்கும். டார்கெட்டின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் இடம் எங்கே இருக்கிறது என்று தேடத் தோன்றும். அந்தப் பத்து வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி, 10 மீட்டரில் இருந்து கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வளையத்துக்கும் கறுப்புக்கும் நடுவே உள்ள வெள்ளை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எங்கிட்ட இருக்கிறது சாதாரண ஸ்பிரிங் கன். அதுல பீப் போட முடியுமா?

கன்னின் பின்புறம், மேலே நீளவாக்கில் இரண்டு பள்ளம் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் சைட் மாட்டும் தண்டவாளம், பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் டவ்டெயில் வகை. அந்த அளவுக்கு வருகிற பீப் சைட்டை அதில் மாட்டலாம். வாங்கும் முன் அளந்து பார்த்துவிடுங்கள். ஒரே பெயரில் வருகிற தண்டவாளங்களிலும் சிறு வேறுபாடு இருக்கிறது.

ஸ்பிரிங் கன்னில் இரண்டு சிக்கல் உண்டு. பிஸ்டன் முன்னும் பின்னும் உதறுவதால் சைட் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். எனவே ஸ்டாப் ஸ்க்ரூ உள்ள சைட்டாக வாங்கி, அந்தத் திருகு தண்டவாளத்தில் உள்ள குழியில் உட்காரும்படி மாட்ட வேண்டும். குழி இல்லாத கன்னில், தண்டவாளத்தின் கோடியில் ஒரு தடுப்பு வைத்து அதில் சைட்டை முட்டுக் கொடுக்கலாம். இரண்டாவது, பேரலை மடக்கி லோடு செய்கிற கன்னில் முன் சைட் பேரலிலும் பீப் உடலிலும் இருக்கும். பேரல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பூட்டிக்கொள்ளவில்லை என்றால் குரூப், அதாவது டார்கெட்டில் பெல்லட்டுகள் சேர்ந்து விழும் கூட்டம், அலையும். மடக்கும் மூட்டில் ஆட்டம் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், சைட்டுக்கு அப்புறம் செலவு செய்யலாம்.

பழைய பின் சைட் இருந்த இடத்துலயே பீப்பை மாட்டிடலாமா?

வேண்டாம். ஓபன் சைட் பேரலின் மேல், கண்ணுக்கு வெகு தூரத்தில் இருக்கும். அவ்வளவு தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை புள்ளியாகத்தான் தெரியும், அதற்குள் எதுவும் அடங்காது. பீப்பின் இடம் கண்ணுக்கு அருகில்தான்.

பொருத்தும்போது எதை முதல்ல செய்யணும்?

ரைபிள் காலியா என்று பார்த்து, பேரலில் பாதுகாப்புக் கொடியை நுழைத்துவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம் சைட்டை மறந்துவிட்டு உடலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ரைபிளின் பின்கட்டையைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தை சீக் பீஸில் (கன்னம் பதிகிற கட்டையில்) இயல்பாகச் சாயுங்கள். கழுத்தில் இழுப்பு இருக்கக் கூடாது. தலை நிமிர்ந்து, பார்வை நேராக இருக்க வேண்டும். இப்போது கண்ணைத் திறந்தால் எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் ஓட்டை வர வேண்டும். சைட் தேடி வர வேண்டுமே தவிர தலை தேடிப் போகக் கூடாது.

பக்கத்தில் ஒருவர் நின்று சைட்டைத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் தள்ளிக் கொடுத்தால் வேலை சுலபம். தூரம் பிடிபட்டதும் திருகை லேசாக இறுக்கி, கண்ணை மூடித் திறந்து பலமுறை சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் முன் குழாய் ஓட்டையின் நடுவில் நின்றால் முழுதாக இறுக்கலாம். ஆலன் கீயில் விரல் பலம் போதும், முழங்கை பலம் வேண்டாம். இறுக்கிய இடத்தில் தண்டவாளத்தின் மேல் பென்சிலில் ஒரு கோடு போட்டு வையுங்கள், சைட் நகர்ந்தால் உடனே தெரியும். கடைசியாக, பக்கவாட்டுத் திருகையும் உயரத் திருகையும் அவற்றின் மொத்த ஓட்டத்தின் நடுவில் நிறுத்திவிட்டுச் சுடத் தொடங்குங்கள்.

கண்ணுக்கும் ஓட்டைக்கும் எவ்வளவு இடைவெளி விடணும்?

நின்று சுடுகிறவர்கள் பெரும்பாலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை வைப்பார்கள். எண்ணைவிடக் காட்சி முக்கியம்: ஓட்டைக்குள் முன் குழாய் முழுதாகத் தெரிய வேண்டும், அதைச் சுற்றி மெல்லிய வெளிச்ச வளையம் ஒன்று தெரிய வேண்டும். வெளிச்சம் அகலமாக இருந்தால் கண் மிக அருகில் இருக்கிறது. குழாயின் ஓரம் வெட்டுப்பட்டால் கண் விலகி இருக்கிறது. ஸ்பிரிங் கன்னில் உதறல் இருப்பதால் இன்னும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். எந்த அளவு வைத்தாலும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதே அளவு இருக்க வேண்டும்.

தலையைக் குனிஞ்சாத்தான் ஓட்டை தெரியுது. இப்படியே பழகிக்கலாமா?

பழகக் கூடாது. குனிந்த தலையில் கண் புருவத்தின் அடியில் இருந்து மேல்நோக்கிப் பார்க்கும், கண் தசை சீக்கிரம் களைக்கும். போட்டியில் 60 ஷாட். கடைசி இருபதில் கழுத்து விலை கேட்கும். சீக் பீஸை உயர்த்திப் பாருங்கள். அதற்கு மேலும் தேவைப்பட்டால் சைட்டுக்கு அடியில் ரைசர் கட்டை போடுங்கள், ஆனால் முன்னும் பின்னும் ஒரே உயரத்தில். பின்னால் மட்டும் போட்டால் அடுத்த கேள்வியில் உள்ள தொல்லை வந்து சேரும். வளரும் பிள்ளைகளுக்கு இதைச் சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் பார்க்க வேண்டும். பையன் உயர்ந்திருப்பான், சீக் பீஸ் அதே இடத்தில் இருக்கும்.

பின் சைட்டை முழுக்க இறக்கிட்டேன், இன்னும் மேலேயே அடிக்குது. ஏன்?

பின் சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ பெல்லட்டும் அந்தப் பக்கம் போகும். முன் சைட் அதற்கு நேர் எதிர். ஸ்பிரிங் கன்னில் பழைய தாழ்வான முன் குச்சியை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் உயரமான பீப் மாட்டியிருப்பீர்கள். பின் சைட்டை இறக்க இனி இடமில்லை என்றால் முன் சைட்டை உயர்த்துவதுதான் வழி. உயரமான முன் குழாய் மாட்டினால் பெல்லட் இறங்கும்.

ஜீரோ பண்ண எத்தனை பெல்லட் சுடணும்? எந்தப் பக்கம் திருகணும்?

ஜீரோ பண்ணுவது என்றால் பெல்லட் டார்கெட்டின் நடுவில் விழும்படி சைட்டைத் திருத்துவது. ஒரு ஷாட்டைப் பார்த்துத் திருகைத் தொடாதீர்கள். ஐந்து சுட்டு, குரூப் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். குரூப்பின் நடுவுக்கும் டார்கெட்டின் நடுவுக்கும் உள்ள தூரத்தைத்தான் திருத்த வேண்டும். பக்கவாட்டை முதலில், உயரத்தை அப்புறம். இரண்டையும் ஒன்றாகத் திருகினால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போகும். பெல்லட் காகிதத்திலேயே விழவில்லை என்றால் கிட்டே போய், 4 அல்லது 5 மீட்டரில் இருந்து தொடங்குங்கள், பின்னால் பெல்லட் பிடிக்கும் பெட்டி இருக்க வேண்டும்.

திசையில்தான் குழப்பம் அதிகம். பல ஜெர்மன் டயாப்டர்களில் உள்ள எழுத்து, பெல்லட் விழுந்த இடத்தைச் சொல்கிறது. மேலே விழுந்தால் 'எச்' (H) பக்கம், கீழே விழுந்தால் 'டி' (T) பக்கம், வலது என்றால் 'ஆர்', இடது என்றால் 'எல்'. அப்படித் திருகினால் பெல்லட் நடுவுக்கு வரும். வேறு சில சைட்டுகளில் எழுத்தும் அம்பும் பெல்லட் போக வேண்டிய திசையைக் காட்டும். உங்கள் சைட் எந்த வகை என்பதை ஒரே ஒருமுறை சோதித்து, ரைபிள் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். போட்டி நாளில் கை நடுங்கும்போது நினைவை நம்ப வேண்டாம்.

ஒரு கிளிக் எவ்வளவு நகர்த்தும்?

கிளிக் என்பது திருகு சத்தத்தோடு நகரும் ஒரு படி. அது எவ்வளவு நகர்த்தும் என்பது இரண்டு சைட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பொறுத்தது. பின் சைட் நகர்ந்த அளவை டார்கெட் தூரத்தால் பெருக்கி, சைட்டுகளின் இடைவெளியால் வகுத்தால் விடை வரும். இடைவெளி 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டை 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் டார்கெட்டில் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர். டார்கெட்டில் ஒரு மதிப்பெண் வளையத்தின் அகலம் 2.5 மில்லிமீட்டர், ஆக அது பாதி வளையம். பேரல் குழாயை நீட்டி முன் சைட்டைத் தள்ளி வைத்தால் அதே கிளிக் கொஞ்சம் குறைவாக நகர்த்தும். நேரடியாக அளக்க, பத்து கிளிக் திருகி, குரூப் நகர்ந்த தூரத்தைப் பத்தால் வகுங்கள்.

இதே கணக்கு தலைக்கும் பொருந்தும். திருகு எதையும் தொடாமல், கன்னம் லேசாக நகர்ந்து முன் குழாய் ஓட்டையின் நடுவில் இருந்து 0.1 மில்லிமீட்டர் விலகினாலும் அதே பாதி வளையம் போய்விடும்.

முன் வளையம் என்ன சைஸ் போடணும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். டார்கெட்டின் கறுப்பு 30.5 மில்லிமீட்டர் விட்டம். கண்ணில் இருந்து முன் வளையம் 90 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அந்த இடத்தில் கறுப்பு சுமார் 2.75 மில்லிமீட்டர் அகலமாகத் தெரியும். 3 மில்லிமீட்டர் வளையம் போட்டால் சுற்றிலும் நூலளவு வெள்ளைதான் மிஞ்சும். ரைபிள் ஆடும்போது கறுப்பு விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் போகும், கை விசையை அமுக்கத் தயங்கும். 4 மில்லிமீட்டர் போட்டால் ஒவ்வொரு பக்கமும் 0.6 மில்லிமீட்டர் வெள்ளை கிடைக்கும், கண்ணுக்கும் மனசுக்கும் நிம்மதி.

புதிதாக வருகிறவர்கள் சின்ன வளையம்தான் துல்லியம் என்று நினைக்கிறார்கள். உங்கள் ரைபிள் எவ்வளவு ஆடுகிறதோ அந்த ஆட்டம் வெள்ளைக்குள் அடங்க வேண்டும். என் கருத்தில் தொடக்கநிலையில் 4-க்குக் கீழே போகவே தேவையில்லை, 4.2 அல்லது 4.5 கூட நல்லது. உடல் அசைவு குறையக் குறைய 0.1 அல்லது 0.2 ஆகக் குறைத்துப் பாருங்கள். வளையத்தின் தடிப்பும் முக்கியம்: வெளிச்சம் மங்கிய ரேஞ்சில் தடித்த விளிம்பு உதவும். மாற்றிய பிறகு ஜீரோவைச் சரிபார்க்க மறக்க வேண்டாம்.

ஐரிஸை எவ்வளவு மூடலாம்?

ஓட்டையின் அளவை மாற்றக்கூடிய ஐரிஸ் இருந்தால், பொதுவாக 1.0 முதல் 1.3 மில்லிமீட்டர் வரை வைப்பார்கள். முழுக்க மூடினால் கூர்மை கூடும் என்று நினைத்து மூடிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. ஒரு அளவுக்குக் கீழே போனால் படம் இருண்டு, ஒளி சிதறி, விளிம்புகள் திரும்ப மங்கும். ஐரிஸைத் திறந்து வைத்துத் தொடங்கி, கறுப்பின் விளிம்பு கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். சர்வதேச விதிப்படி 10 மீட்டர் டார்கெட்டில் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். சின்ன அகாடமிகளில் அவ்வளவு இருக்காது. அங்கே பழகிய ஐரிஸ் அளவு போட்டி ரேஞ்சில் அகலமாகத் தோன்றும், போனதும் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போடுறேன். பீப் சைட்டுக்கு அது ஒத்துவருமா?

ஒத்துவரும். ஆனால் தினமும் போடுகிற கண்ணாடியில் ரைபிளோடு சாய்ந்து பார்க்கும்போது பார்வை லென்ஸின் ஓரம் வழியாகப் போகும், படம் வளையும். சுடுவதற்கென்று உள்ள ஃப்ரேமில் லென்ஸைத் திருப்பி, பார்வைக்கோடு அதன் நடுவில் செங்குத்தாகப் போகும்படி வைக்கலாம். பவர் பற்றிக் கண் மருத்துவரிடம் பேசும்போது, பார்க்க வேண்டியது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். தூரப்பார்வை பவரோடு 0.5 கூட்டிக் கொடுப்பது வழக்கம், வளையமும் கறுப்பும் இரண்டும் ஏற்கும்படி வரும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது பெரிய வித்தியாசம் தரும்.

இன்னொரு கண்ணை மூடிக்கணுமா?

மூட வேண்டாம். ஒரு கண்ணை இறுக்கினால் மற்றதும் சேர்ந்து சுருங்கும், முகத் தசை இழுக்கும். அந்தக் கண்ணுக்கு முன் ஒளி ஊடுருவும் வெள்ளைத் தகடு ஒன்றைத் தொங்கவிடுங்கள். கறுப்புத் தகடு போட்டால் அந்தக் கண்ணின் பாப்பா விரியும், சுடுகிற கண்ணும் கூடவே விரியப் பார்க்கும். போட்டியில் தகட்டின் அகலம் 30 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அதே ரைபிள்ல என் ஃப்ரெண்ட் பத்து அடிக்கிறான். நான் சுட்டா 8 மணிப் பக்கமே (இடது கீழே) போகுது. ஏன்?

ஜீரோ என்பது ரைபிளுக்கு மட்டும் உரியது அல்ல, ரைபிளோடு சேர்ந்த ஆளுக்கும் உரியது. அவர் கன்னம் பதிகிற இடம் வேறு, கண்ணின் தூரம் வேறு, தோளில் வாங்கும் விதம் வேறு. அகாடமி ரைபிளைப் பகிர்ந்து சுடுகிறவர்கள், தங்கள் குரூப் நடுவுக்கு வந்ததும் இரண்டு திருகுகளின் எண்களையும், சீக் பீஸ் உயரத்தையும், தண்டவாளத்தில் சைட் நிற்கிற இடத்தையும் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அதில் இருந்து தொடங்கினால் நேரம் மிச்சம்.

நேத்து ஜீரோ சரியா இருந்துச்சு. இன்னிக்கு வலது பக்கம் போகுது. சைட் போச்சா?

முதலில் பென்சில் கோட்டைப் பாருங்கள், பிறகு எல்லா ஆலன் திருகுகளையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் நிற்கிற திசையைச் சோதியுங்கள்: குறி வைத்து, கண்ணை மூடி, மூச்சு விட்டு, திறக்கும்போது வளையம் கறுப்புக்கு வலப்பக்கம் நின்றால் கோளாறு காலடியில். கைபலத்தால் இழுத்துவந்து சுட்டிருப்பீர்கள். பின்காலைச் சற்று நகர்த்தினால் சரியாகும். பெல்லட் டப்பா மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், வேறு வகை பெல்லட் வேறு இடத்தில் விழும்.

போட்டியில் இதற்காகத்தான் சைட்டர் ஷாட், அதாவது கணக்கில் சேராத சோதனை ஷாட், இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனை ஷாட்டில் தன் ரைபிள் வெகுவாக விலகிச் சுட்டதாக அபினவ் பிந்த்ரா பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருந்த கொஞ்ச நேரத்தில் சைட்டைத் திருத்தி, இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். எந்தத் திருகு எந்தப் பக்கம், எத்தனை கிளிக் என்று கைக்குத் தெரிந்திருந்தால்தான் அப்படிச் செய்ய முடியும்.

ரைபிள் கொஞ்சம் சாய்ஞ்சா பரவாயில்லையா?

சாய்வு தவறில்லை, மாறுகிற சாய்வுதான் தவறு. நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டருக்குள் சுமார் 17 மில்லிமீட்டர் இறங்குகிறது, அதை ஈடுகட்ட பேரல் லேசாக மேல்நோக்கி இருக்கும். ரைபிள் 5 டிகிரி வலப்பக்கம் சாய்ந்தால் அந்த மேல்நோக்கு வலப்பக்கமும் கொஞ்சம் திரும்பும், பெல்லட் ஒன்றரை மில்லிமீட்டர் வலதுபுறம் போகும். எப்போதும் அதே 5 டிகிரி என்றால் ஜீரோவில் அடங்கிவிடும். முன் வளையத்தில் இரண்டு பக்கமும் கிடைக்கோடு உள்ள வகை போட்டால் சாய்வு மாறுவது கண்ணில் படும்.

நல்லா குறி பார்த்துக்கிட்டே இருக்கேன், திடீர்னு வளையம் மங்கிடுது. ஐரிஸ் கோளாறா?

கண் களைத்துவிட்டது. ஒரே படத்தை வெறித்துப் பார்த்தால் சில நொடியில் அது மங்கும், சரியாக இருக்கிறது என்று மனசு மட்டும் சொல்லும். ரைபிள் நிலைத்ததில் இருந்து 6 முதல் 8 நொடிக்குள் ஷாட் போகவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். இறக்கிய பின் டார்கெட்டை வெறிக்காமல், தரையிலோ ஒரு மங்கிய சுவரிலோ கண்ணை ஓய விடுங்கள்.

எல்லாம் செஞ்சும் குரூப் சிதறுது. சைட் பழுதா, என் சுடுதல் பழுதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ரைபிளை மணல் மூட்டையின் மேல் வைத்து, ஆதாரத்தோடு சுட்டுப் பாருங்கள். ஐந்து சுடுங்கள். பத்து கிளிக் வலது, ஐந்து சுடுங்கள். பத்து கிளிக் மேல், பத்து கிளிக் இடது, பத்து கிளிக் கீழ் என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து. கடைசிக் குரூப் முதல் குரூப்பின் மேலேயே விழுந்தால் சைட் நன்றாக இருக்கிறது, திருகை விட்டுவிட்டு முன்னே சொன்ன கன்னத்துக்கும் காலடிக்கும் திரும்புங்கள். திரும்பி வரவில்லை என்றால் திருகில் தேய்மானம் இருக்கிறது.

பழைய டயாப்டரில் திசை மாற்றும்போது முதல் ஒன்றிரண்டு கிளிக் சத்தம் மட்டும் போடும், ஓட்டை நகராது. அப்படிப்பட்ட சைட்டை உடனே தூக்கிப் போட வேண்டாம். எப்போதும் ஒரே திசையில் இருந்து வந்து நிறுத்துங்கள்: இடப்பக்கம் போக வேண்டும் என்றால் நான்கு கிளிக் கூடுதலாகப் போய், அந்த நான்கை வலப்பக்கம் திரும்ப வாருங்கள். ஆனால் திருகைத் தொடாதபோதே ஓட்டைத் தட்டு விரலுக்கு ஆடினால், அந்தச் சைட்டில் ஜீரோ நிற்காது, மாற்றிவிடுங்கள்.